நான் வெட்டிய நான்கு வரிகள்

தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 2018 மே மாதம் அந்தச் செய்தியை ஒரு நாளிதழின் டெஸ்க்கில் உட்கார்ந்து திருத்தியவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் செய்ததை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

மே 22, ஸ்டெர்லைட் ஆலையை மூடக் கோரிய போராட்டத்தின் நூறாவது நாள். 144 தடையை மீறி மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கித் திரண்டார்கள். எங்களுக்கு முதலில் வந்து சேர்ந்தவை எரியும் வாகனங்களின் படங்கள். அவற்றைப் பார்த்ததுமே மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்: இவ்வளவு நடந்தால் போலீஸ் சுடாமல் என்ன செய்யும்?

மறுநாள் இணையம் முடக்கப்பட்டது. அதன்பின் நிருபர் போனில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஆஸ்பத்திரி வாசலில் உறவினர்கள் சொன்னதாக நான்கு வரி சொன்னார். எச்சரிக்கவே இல்லை, ஓடியவர்களைச் சுட்டார்கள், குண்டு பின்பக்கமாகப் பாய்ந்திருக்கிறது.

“உறுதியாகலையே தம்பி” என்றேன்.

“அண்ணே, எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரிதான் சொல்லுது.”

வெட்டிவிட்டேன். சமூக விரோதிகள் ஊடுருவியதாகச் சொன்ன அதிகாரிகளின் விளக்கம் மட்டும் செய்தியின் தலையில் ஏறியது. அதை உறுதி செய்யச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் ஆதாரம் கேட்ட நான், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

முறை தெரியாதவன் இல்லை நான். கூட்டத்தைக் கலைக்க முதலில் ஒலிபெருக்கியில் எச்சரிக்க வேண்டும். பிறகு கண்ணீர்ப்புகை, தடியடி. வேறு எதுவும் பலிக்காதபோதுதான் துப்பாக்கி, அதுவும் இடுப்புக்குக் கீழே. சாதாரண உடையில் ஒரு காவலர் வேன்மேல் ஏறிக் குறிபார்க்கும் காட்சி டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது. டெஸ்க்கில் எல்லோரும் பார்த்தோம். கூட்டத்தைக் கலைக்க எதற்கு உயரத்தில் ஏறிக் குறிபார்க்க வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை.

துப்பாக்கிச்சூட்டை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. உரிய எச்சரிக்கை இல்லை, படிப்படியான நடவடிக்கை இல்லை, தப்பி ஓடியவர்கள்மீதும் சுடப்பட்டது என்றது அறிக்கை. காவல்துறையினர் 17 பேர் மீதும், அன்றைய ஆட்சியர், துணை வட்டாட்சியர்கள் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. நான் வெட்டிய நான்கு வரிகள் ஒரு நீதிபதியின் அறிக்கையாகத் திரும்பி வர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் எங்கள் வாசகர்களின் மனதில் இறந்தவர்கள் கலவரக்காரர்களாகவே பதிந்துபோனார்கள். அதில் என் கையும் உண்டு.

ஆணையச் செய்தியைப் பக்கத்தில் வைத்ததும் நானே. 2018-இல் நாங்கள் என்ன போட்டோம் என்று அப்போதாவது ஒரு வரி சேர்த்திருக்கலாம். துணிச்சல் வரவில்லை. உறுதிப்படுத்தல் என்று நான் சொல்லிவந்ததெல்லாம் அதிகாரத்தின்மீது இருந்த பயம்தான்.

டெஸ்க்கில் இருக்கும் தம்பி தங்கைகளே, துப்பாக்கிச்சூட்டுச் செய்தி உங்கள் கைக்கு வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எச்சரித்தார்களா, உத்தரவிட்டது யார், குண்டு உடலில் எங்கே பட்டது? பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்பதையும் அச்சிடுங்கள். செத்தவர் வீட்டார் சொன்னதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.