அயித்தையின் பங்கு

விடுதலைப் பத்திரத்தின் நகலை மதுரைக்கு எடுத்துக்கொண்டு போனது நான்தான். "அயித்தைகிட்ட முழுசாப் படிச்சுக் காட்டணும்னு இல்ல. கேட்டா மட்டும் சொல்லு" என்று அப்பச்சி சொல்லி அனுப்பியிருந்தார். நானும் சரி என்று தலையாட்டித்தான் பஸ் ஏறினேன்.

வீடு காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. ஐயாவின் அப்பச்சி பர்மாவில் கொண்டுவிற்றுச் சம்பாதித்துக் கட்டியது. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்ததோடு அந்த வரவு நின்றுபோனது. மிஞ்சியது பர்மாத் தேக்குத் தூண்களும் யாராலும் மராமத்துப் பார்த்துத் தீர்க்க முடியாத ஓட்டுக்கூரையும்தான். பாதி வீடு ஐயாவுக்கு, பாதி அவர் தம்பிக்கு. தம்பி வகைப் பங்காளிகள் ஹோட்டலுக்கு விற்றுவிடலாம் என்றார்கள். பாதி வளவை மட்டும் யார் வாங்குவார்கள்? நாங்களும் சம்மதித்தோம்.

எங்கள் பாதிக்கு மூன்று பேர்: அப்பச்சி, சித்தப்பா, அயித்தை. ஆளுக்கு ஆறில் ஒன்று. "அவளுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்பது அப்பச்சியின் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு. 1989 மார்ச் 25க்கு முன்னால் கல்யாணமாகாத மகளுக்கு மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாடு சட்டம் போட்டது. அயித்தைக்குக் கல்யாணமானது 1991இல். இன்னொன்றும் இருந்தது. குடும்பம் குடியிருக்கிற வீட்டை, ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவெடுக்கும்வரை பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது என்று 1956ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு பிரிவு. 2005 செப்டம்பரில்தான் அதை எடுத்தார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

அயித்தை வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். காபி கொடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடி எடுத்து, பத்திரத்தை அவரே படித்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். "நம்ம வளவுல எத்தனை அறைன்னு எண்ணியிருக்கியா தம்பி?" என்றார். எட்டு என்றேன். "எட்டும் ஆம்பளப் பிள்ளைகளுக்கு. கல்யாணமானா ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை, ஒரு அடுப்பு. நான் பிரசவத்துக்கு வந்தப்பகூட ஆயா அறையிலதான் படுத்தேன். இப்ப இல்லாத அறைய எழுதிக் குடுக்கச் சொல்றாக." பத்திரத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "போடமாட்டேன்னு சொல்லல. அண்ணன் நேர்ல வந்து கேக்கட்டும்."

அப்பச்சி போகவில்லை. காரைக்குடி ஆடிட்டரிடம் போனார். நானும் கூட இருந்தேன். முத்திரைத்தீர்வையில் பெரிய செலவில்லை, கூடப் பிறந்தவர்கள் பத்திரப்பதிவின் 'குடும்பம்' பட்டியலில் வருவதால் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு என்றார் ஆடிட்டர். பிறகு கேட்டார், "தங்கச்சிக்கு எதுவும் குடுக்கிறதா உத்தேசமா?"

"வித்த பிறகு குடுப்பேன். அவ பங்குக்குக் குறையாமக் குடுப்பேன்" என்றார் அப்பச்சி.

எனக்கு அது புதுச் செய்தி. கொடுக்க மனமிருக்கிறது, அவர் கேட்டு வாங்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆடிட்டர் பேப்பரில் எழுதிக் காட்டினார். மூதாதையர் வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1இல் இருந்த மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். விற்ற விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மூலதன ஆதாயம். அதற்கு 12.5 சதவீதம் வரி, இல்லையென்றால் பணவீக்கத்தைக் கழித்துவிட்டு 20 சதவீதம். "விடுதலை வாங்கிட்டா அவுக பங்கு ஆதாயமும் உங்க ரெண்டு பேர் தலையில வரும். பிறகு நீங்க குடுக்கிறது அன்பளிப்பு. அதை வரியில கழிக்க முடியாது. அவுகளே விக்கிறவுகளா கையெழுத்துப் போட்டா, அந்த வரி அவுகளோடது. ரெண்டு வருஷத்துக்குள்ள அந்த ஆதாயத்துல ஒரு வீடு வாங்கிட்டா அதுவும் இல்ல."

அப்பச்சி ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிக்காகச் சம்மதித்தாரா, வரியைச் சாக்காக வைத்துச் சம்மதித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வந்ததும், "அந்தப் பத்திரத்தக் கிழிச்சுப் போடு" என்றார். மதுரைக்கு அவரே போன் செய்தார். வரியைப் பற்றி மட்டுமே பேசினார்.

விற்கிறவர்கள் வரிசையில் அயித்தை மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டார். இப்போது மதுரையில் வீடு பார்க்கிறார். இரண்டு அறை போதுமாம். போன வாரம் ஒரு வீட்டைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார். ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "உங்க அப்பச்சி வந்தா இந்த அறையில படுத்துக்கிரலாம்."

பத்திரத்தை அன்றைக்கு நான் எதற்காகத் தூக்கிக்கொண்டு போனேன் என்று அவர் இதுவரை கேட்கவில்லை.