அலனினில் தொடங்குங்கள்

இருபது அமினோ அமிலங்களையும் முதலெழுத்துகளைக் கோத்து உருப்போடும் பழக்கம் என் வகுப்பில் கிடையாது. உருப்போட்டது தேர்வு மண்டபத்தைத் தாண்டி வருவதில்லை. முதல் வாரம் பென்சிலும் ரப்பரும் வெள்ளைத்தாளும் போதும்.

நடுவே ஒரு கார்பன். அதற்கு ஒருபுறம் அமினோ தொகுதி, மறுபுறம் கார்பாக்சில், கீழே ஒரு ஹைட்ரஜன். மிச்சமிருக்கும் நான்காவது கையில், அதாவது பக்கச் சங்கிலியில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே மெத்தில் தொகுதி வந்தால் அலனின். அந்த மெத்திலிலிருந்து ஒரு ஹைட்ரஜனை அழித்துவிட்டு ஹைட்ராக்சில் போடுங்கள், செரின். ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் போட்டால் சிஸ்டீன். பென்சீன் வளையம் போட்டால் பீனைல் அலனின். வளையத்தின் மறுமுனையில் ஒரு ஹைட்ராக்சில் சேர்த்தால் டைரோசின். மறுபடி அலனினின் மெத்திலுக்கு வந்து கார்பாக்சில் போட்டால் அஸ்பார்டிக் அமிலம். ஹிஸ்டிடினும் டிரிப்டோபேனும்கூட இதே அலனினில் வளையம் மாட்டியவைதான். (புரோலின் மட்டும் அடங்காப்பிடாரி. அதன் பக்கச் சங்கிலி வளைந்து வந்து தன் நைட்ரஜனையே பிடித்துக்கொள்ளும்.)

இப்படி வரைந்து பழகியவரிடம் எது நீரை நாடும், எது ஒதுங்கும் என்று தனியாகப் பட்டியல் கேட்க வேண்டியதில்லை. படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

மாணவர்கள் அலட்சியமாகத் தாண்டிப்போவது கிளைசினை. பக்கச் சங்கிலி வெறும் ஹைட்ரஜன்தானே என்ற எண்ணம். ஆனால் நம் தசைநாணிலும் எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசின். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு மூன்று சங்கிலி அமைப்பை முன்வைத்ததற்கு இந்த விகிதமும் ஒரு தடயம். மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடு அச்சில் ஹைட்ரஜனைவிடப் பெரிதாக எதற்கும் இடமில்லை. எலும்புக் கொலாஜனில் ஒரு கிளைசின் இடத்தில் வேறொன்று வந்துவிட்டால், லேசாக விழுந்தாலும் எலும்பு முறியும் பிறவி நோய் வரலாம்.

டி.என்.ஏ.வின் காரங்களுக்கும் இதே வழிதான். முதலில் சைட்டோசின். அதன் நான்காம் கார்பனில் இருக்கும் அமினோவை அழித்து ஆக்சிஜனைப் போட்டால் யுராசில். யுராசிலின் ஐந்தாம் கார்பனில் ஒரு மெத்தில் சேர்த்தால் தைமின். தாளில் ரப்பர் செய்த அந்த முதல் வேலையை செல்லுக்குள் தண்ணீர் தானாகவே செய்கிறது. சைட்டோசின் அவ்வப்போது யுராசிலாகிவிடுகிறது. டி.என்.ஏ.வில் யுராசில் இயல்பாகவே இருந்திருந்தால், எது அசல், எது கெட்டுப்போனது என்று பழுதுபார்க்கும் நொதிக்குத் தெரியாது. தைமினின் மெத்தில்தான் அடையாளம். அது இல்லாத யுராசிலை நொதி கண்டுபிடித்து வெட்டி எறிகிறது. ஏன் தைமின் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

வரையும்போது அணுக்களின் எண்களையும் போட்டுவிடுங்கள். சைட்டோசின், தைமின் போன்ற பிரிமிடின் காரங்களில் சர்க்கரை ஒட்டுவது ஒன்றாம் நைட்ரஜனில், மற்ற வகையான பியூரின் காரங்களில் ஒன்பதாம் நைட்ரஜனில். தேர்வில் பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இங்கேதான்.