மறதி மரத்தடியில்

பெனின் பயணத்தைப் பற்றி எழுதுமாறு நண்பர்கள் கேட்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. படங்களை மட்டும் பதிவிட்டுவிட்டு எழுத்தைத் தள்ளிப்போட்டு வந்தேன். எழுதினால் அங்கு நான் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும் என்ற தயக்கம்தான் காரணம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதியான பருத்தித் துணிகளைக் குறித்துத் தில்லியில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அது முடிந்ததும், நல்கையில் மிஞ்சிய பணத்தோடு என் சேமிப்பையும் சேர்த்து, பெனினில் ஐந்து நாள் மரபுச் சுற்றுலா ஒன்றில் இணைந்துகொண்டேன். எட்டுப் பயணிகள், ஒரு வேன், ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் பேசும் இளம் வழிகாட்டி ஒருவர்.

முதல் நாள் நோக்குவே ஏரியின் நடுவே மரக்கால்கள் மீது நிற்கும் கான்வியே. தஹோமே அரசின் ஆள்பிடிப் படைகளுக்கு அஞ்சி நீருக்குள் குடியேறியவர்களின் ஊர் அது. இப்போது படகுகளில் தக்காளியும் மீனும் விற்கிறார்கள். நாம் படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் திருப்பிக்கொள்வது நியாயமென்றே தோன்றியது. அடுத்து அபோமே. 1892இல் பிரெஞ்சுப் படை கொள்ளையிட்டுச் சென்ற பொருள்களுள் 26 மட்டும் 2021 நவம்பரில் பாரிஸிலிருந்து திரும்பின. அதைப் பற்றி மாத்தி தியோப் எடுத்த ‘தஹோமே’ ஆவணப்படம் 2024இல் பெர்லினில் தங்கக் கரடி விருது பெற்றதை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். வழிகாட்டி அப்பொருள்களைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசினார். அதே மூச்சில், “இந்த மதில்களை எழுப்பிய செல்வத்தில் மனிதர்களை விற்று வந்ததும் உண்டு” என்று குரல் மாறாமல் சொன்னார். அப்போதே அவரை நான் சற்றுக் கவனித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தலைநகரான போர்த்தோ நோவோவில் ஒரு சிறு மயக்கம். நான் ஆண்டுக்கணக்கில் ஆவணங்களில் படித்துவரும் போர்த்தோ நோவோ நமது பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர் தாம் கண்ட துறைகளுக்கெல்லாம் ‘புதுத்துறை’ என்று பெயரிட்டுச் சென்றிருக்கிறார்கள். வழிகாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்து, “அப்படியானால் உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு என்ன வந்தது?” என்று கேட்டார். “துணி” என்றேன். உரையாடல் அதோடு நின்றது.

நான்காம் நாள் வீதா.

1727இல் தஹோமே அரசர் அகாஜா இத்துறைநகரைக் கைப்பற்றினார். அட்லாண்டிக் வணிகத்தின் காலம் முழுவதிலும் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டோர் பத்து லட்சத்துக்கும் மேல் இருப்பர் என்பது வரலாற்றாளர் ராபின் லாவின் மதிப்பீடு. ஊரிலிருந்து கடற்கரை வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் செம்மண் பாதை. வழிநெடுகச் சிலைகள். பாதையின் முடிவில் 1995இல் எழுப்பப்பட்ட திரும்பாவாயில். இடையில் ‘மறதி மரம்’ இருந்ததாகச் சொல்லப்படும் இடம். மரம் இப்போது இல்லை. ஒரு சிலை நிற்கிறது. சிறைப்பட்டவர்களில் ஆண்கள் ஒன்பது முறையும் பெண்கள் ஏழு முறையும் அம்மரத்தைச் சுற்றிவரச் செய்யப்பட்டார்கள், பெயரும் ஊரும் மறந்துபோகட்டும் என்று. வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

எங்கள் குழுவில் அலபாமாவிலிருந்து வந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். 1860இல் அமெரிக்காவுக்குள் சட்டவிரோதமாக ஆட்களைக் கொண்டுசென்ற ‘குளோத்தில்டா’ என்னும் கப்பல் இதே வீதாவிலிருந்து அவருடைய மாநிலத்துக்குத்தான் போனது. தம் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவ்விடத்தைச் சுற்றத் தொடங்கினார், இடமிருந்து வலமாக அல்ல, எதிர்த்திசையில்.

என் அருகில் நின்ற பிரெஞ்சு மாணவரிடம் அப்போது நான் சொன்னேன்: “இந்த மரத்துக்கு வணிகக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது. இந்தப் பாதையே 1990களில் விழாவுக்காகவும் யுனெஸ்கோ திட்டத்துக்காகவும் இன்றைய வடிவில் அமைக்கப்பட்டது.” மெல்லச் சொன்னதாகத்தான் நினைவு. கருத்தரங்குகளில் பேசிப் பழகிய குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்திராது. நான்காம் சுற்றில் அந்த அம்மையார் நின்றார். “அப்படியா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். “ஆம்” என்றேன். வேறென்ன சொல்வது? அவர் செருப்பை அணிந்துகொண்டு வேனுக்குப் போய்விட்டார்.

கடற்கரையில் மற்றவர்கள் திரும்பாவாயிலில் படம் எடுத்துக்கொண்டிருக்கையில் வழிகாட்டி என்னருகே வந்தமர்ந்தார். கோபம் இல்லை. “நீங்கள் படித்த நூலை நானும் படித்திருக்கிறேன். வரலாற்றில்தான் முதுகலை. வேலை கிடைக்காமல் இதைச் செய்கிறேன்” என்றார். பிறகு தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். தாய்வழியினர் தரகர்கள். தந்தைவழியில் விலைக்கு வாங்கப்பட்டு ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. வீதாவில் ஒருவரின் மூலத்தைக் கேட்பது பண்பன்று. “இரண்டு வீட்டாரும் ஒரே சாவுக்கு வந்து ஒரே பாயில் உட்கார வேண்டும். மரத்தைப் பற்றி என்றால் எல்லோராலும் பேச முடிகிறது.”

நான் விடவில்லை. அக்கதை விற்றவர்களைத் தப்பவிடுகிறதே என்றேன். பிடித்ததும் பூட்டியதும் சூடிட்டதும் மனிதர்கள். பழியை ஒரு மரம் சுமக்கிறது. இக்கருத்தை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. அவரும் மறுக்கவில்லை. எழுந்து போய், நினைவுப்பொருள் விற்கும் பெண்ணிடமிருந்து சோழிக் கோவை ஒன்றை வாங்கி வந்து என் உள்ளங்கையில் வைத்தார். “அந்தக் காலத்தில் கோவைக்கு 40. இது எங்கள் கடலில் விளைவதில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.”

தெரியும். மாலத்தீவில் எடுத்த சோழி வங்கத்துக்கும் இலங்கைக்கும் வந்து, ஐரோப்பியக் கப்பல்களின் அடிப்பாரமாக ஆம்ஸ்டர்டாமையும் லண்டனையும் சேர்ந்து, அங்கு ஏலம் போய், மறுபடி கப்பலேறி இக்கரைக்கு வந்து மனிதர்களுக்கு விலையானது. அதனோடு வந்ததுதான் நம் துணியும். என் அட்டவணைகளில் ‘கினித் துணி’ என்பது ஒரு ரகத்தின் பெயர். நீளம், அகலம், கட்டுகளின் எண்ணிக்கை, விலை எல்லாம் உண்டு. பின்னர் வந்த புதுச்சேரி நீலத் துணி 19ஆம் நூற்றாண்டில் செனகலில் பிசின் வாங்கும் பணமாகப் புழங்கியதையும் ஓர் இயலில் எழுதியிருக்கிறேன். சோழமண்டலத் துணி உலகையே உடுத்தியது என்று இங்கு வாரம் ஒரு பதிவு வருகிறது. நானும் இரண்டு எழுதி, விருப்பக்குறிகள் பெற்றிருக்கிறேன். அவற்றில் எதிலும் அத்துணியைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்ற கேள்வி இல்லை. நெய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரியும்.

அன்றிரவு விடுதியில் மடிக்கணினியைத் திறந்து, ஏற்றுமதி பற்றிய இயலில் ‘அடிமை’ என்ற சொல்லைத் தேடினேன். 62 பக்கங்களில் நான்கு இடங்கள். இரண்டு அடிக்குறிப்புகள்.

மறுநாள் காலை உணவின்போது அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, “நீ சொன்னது உண்மையா, பொய்யா?” என்றார். உண்மை என்றேன். “அப்படியானால் எதற்கு மன்னிப்பு? ஆனால் நான் மறப்பதற்காகச் சுற்றவில்லை, குழந்தாய். அவிழ்ப்பதற்காகச் சுற்றினேன். மூன்று சுற்று பாக்கி இருக்கிறது.” விமானம் மாலையில்தான் என்பதால் வழிகாட்டி வேனைத் திரும்பவும் வீதாவுக்கு விட்டார். கொத்தோனுவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பாதை, யாரும் முணுமுணுக்கவில்லை. அவர் மூன்று சுற்றையும் முடிக்கும்வரை நான் வேனிலேயே இருந்தேன்.

இயலைத் திருத்தத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு சரக்குப் பட்டியலுக்கும் அருகில், அக்கப்பல் பின்னர் எக்கரைக்குப் போனது, எதை ஏற்றித் திரும்பியது என்ற புதிய நிரல் ஒன்றைச் சேர்த்து வருகிறேன். பல கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன. முதல் பத்துப் பக்கங்களைப் படித்த நெறியாளர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்: “இது துணி வரலாறு அல்லவா?” பதில் இன்னும் எழுதவில்லை.