கால் மைல் ஓட்டம்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் வளைந்து செல்லும் பாதையும் பல மணி நேர ஓட்டமுமே நம்மிற் பலருக்கு நினைவில் வரும். வளைவே இல்லாத பந்தயமொன்றும் உலகில் உண்டு. இரண்டு கார்கள் அருகருகே நிற்கும், விளக்கு எரியும், இரண்டும் நேர்கோட்டிற் பாயும், கால் மைல், அஃதாவது 1320 அடி சென்றதும் பந்தயம் முடிந்துவிடும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடியுமுன் எல்லாம் தீர்ந்து போம். 'டிராக்' பந்தயம் என்பது இதன் பெயர். இதிலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போரை நாம் குறை கூறமாட்டோம். பார்ப்பதற்குச் சிறிதே உண்டு. கணக்கிடுவதற்கு நிறைய உண்டு.

இது வளர்ந்த இடம் கலிபோர்ணியா. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே அங்கு வற்றிய ஏரிப் படுகைகளில் இளைஞர் தாமே திருத்திய பழைய கார்களை ஓட்டி வேகம் அளந்து வந்தனர். போர் முடிந்து வீடு திரும்பியோரிடம் இயந்திர அறிவு இருந்தது. கையிற் சிறிது பணமும் இருந்தது. ஏரிப் படுகையோ தொலைவில் இருந்தது. ஆகவே ஊர்த் தெருக்களே பந்தயப் பாதைகளாயின. விபத்துகள் மலிந்தன. 'ஹொட் றொட்' என்னும் சஞ்சிகையின் ஆசிரியராயிருந்த வாலி பார்க்ஸ் என்பவர் 1951இல் ஒரு தேசிய சங்கத்தை நிறுவினார். வெறுமனே தடுத்தால் இளைஞர் ஒளித்து ஓட்டுவர். இடமும் விதியும் கொடுத்தால் தெருவை விட்டு நீங்குவர் என்பது அவர் கொண்ட வழி. 1953இல் பொமோனா நகரத்துச் சந்தை மைதானத்தில், வண்டிகள் நிறுத்தும் வெளியிலே, அச்சங்கத்தின் முதற் பந்தயம் நடந்தது. பொலிஸாரே அதற்கு ஆதரவாக நின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

அன்று ஓடியவை பெரும்பாலும் கழற்றிப் பூட்டிய பழைய வண்டிகள். இன்றோ பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் நான்கு கதவுக் கார்களே அங்கு வந்து நிற்கின்றன. 2009ஆம் ஆண்டுக் கடிலாக் சீ.ரீ.எஸ்.-வீ என்னும் கார் 6.2 லீற்றர் எஞ்சினும் 556 பரிவலுவும் உடையது. 2015ஆம் ஆண்டு மாதிரியாக வந்த டொட்ஜ் சாஜர் ஹெல்கற் 707 பரிவலுவுடன் கால் மைலை 11.0 செக்கனிற் கடக்கும் என்று அதனைச் செய்தோர் விளம்பரப்படுத்தினர். 2023உடன் அதன் உற்பத்தி நின்றது. இவ்விரு கார்களிலும் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிச் செலுத்தும் 'சூப்பர்சாஜர்' உண்டு. எஞ்சினாற் சுழலும் பட்டியொன்று அதன் கப்பியைச் சுழற்றுகிறது. அக்கப்பியை நீக்கிச் சிறிய கப்பியைப் பூட்டினால் அது முன்னிலும் விரைந்து சுழன்று மேலும் காற்றை ஊட்டும். அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டினால் வலு பெருகும். ஆனால் அமுக்கிய காற்றுச் சூடேறும். சூடேறிய காற்று ஐதாகும். கூட்டிய வலுவில் ஒரு பங்கு கரைந்து போம். அதனாலே ஓட்டத்துக்கு ஓட்டம் குளிர்நீர்த் தொட்டியில் ஐஸ்கட்டி கொட்டுவார்கள். ஆயிரக்கணக்கான டொலரைச் செலவிட்டுவிட்டு, மீன் வியாபாரியைப் போல் ஐஸ் தேடித் திரியும் காட்சி நகைப்புக்குரியதே.

வலுவைப் பெருக்கினால் நேரம் எவ்வளவு குறையும்? உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே வருவித்துப் பார்க்கலாம். வலு மாறாதிருக்கிறது என்றும், காற்றுத் தடையும் வழுக்கலும் இல்லை என்றும் கொண்டால், குறித்த தூரத்தைக் கடக்கும் நேரம் வலுவின் கனமூலத்துக்கு நேர்மாறு விகிதசமமாகும். ஆகவே வலுவை இரட்டித்தாலும் நேரம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே குறையும். 15 செக்கனில் ஓடிய கார் 12 செக்கனுக்கு வரும். 15ஐ ஏழரையாக்க வேண்டுமெனின் எட்டு மடங்கு வலு வேண்டும். இன்னொரு தளையும் உண்டு. டயருக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள உராய்வே காரைத் தள்ளுகிறது. உராய்வுக் குணகத்தை ஒன்று எனக் கொள்வோமாயின், நான்கு சில்லும் இழுத்தாலும் ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலை விஞ்சாது. ஒன்பது செக்கனுக்குக் குறைந்து எந்த எஞ்சினாலும் கால் மைலைக் கடத்தல் இயலாது. இத்தளையைத் தளர்த்தத்தான் மெதுமையான றப்பர் டயரும், பாதையிற் பூசும் பசையும், புறப்படுமுன் சில்லைச் சுழற்றிப் புகையெழச் சூடேற்றும் சடங்கும் உள்ளன. 2021இல் வந்த டெஸ்லா மொடல் எஸ் பிளாட் என்னும் மின்காருக்கு 1020 பரிவலு. பசை பூசிய பாதையில் 9.23 செக்கன் என்று நிறுவனம் அறிவித்தது. கப்பியுமில்லை, பட்டியுமில்லை, ஓசையுமில்லை. ஓசையில்லாத பந்தயத்தை நாம் எவ்வளவு தூரம் ரசிப்போம் என்பது வேறு விடயம்.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள எம் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்தோம். அவருடைய மகனிடம் மேலே சொன்ன கடிலாக் கார் இருந்தது. சிறிய கப்பியும் பூட்டியிருந்தான். "தம்பி, நீ சொன்னால் அவன் கேப்பான். உந்தக் காரை வித்துப்போடச் சொல்லு" என்றார் தமக்கையார். இரவில் அவன் வரப் பிந்தினால் அவருக்கு நித்திரை இல்லை. அவர் பயம் வீண்பயமன்று. ஒன்ராறியோவிற் தெருப்பந்தயத்துக்கு எதிராக 2007இல் வந்த சட்டத்தை 2021இல் மேலும் இறுக்கியுள்ளார்கள். இப்போது பொலிஸார் மறித்த இடத்திலேயே 30 நாள் அனுமதிப்பத்திரம் போம். 14 நாள் காரும் போம். தெருவில் ஓடுவோரை மட்டுமன்றி ஓரத்தில் நிற்போரையும் கொல்லும் விளையாட்டுக்கு இது அதிகமென்று எவரும் சொல்லார். மருமகன் தான் தெருவில் ஓடுவதில்லை என்றான். "மாமா, நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ. அம்மாவுக்கு நான் சொன்னால் விளங்காது."

சனிக்கிழமை மாலை சென்றோம். பாதையோரத்திற் காரை நிறுத்தி, பின் ஆசனத்திலிருந்த குழந்தை இருக்கையைக் கழற்றி எம் கையில் தந்தான். அதை மடியில் வைத்துக்கொண்டே பந்தயம் பார்த்தோம். முதல் ஓட்டத்திற் கால் பலமாக அழுந்திவிட, பின்சில்லுகள் வீணே சுழன்றன, 12.4 செக்கன், எல்லைக் கோட்டில் வேகம் மணிக்கு 119 மைல். டயரிற் சிறிது காற்றை இறக்கி, அடுத்த முறை மெல்லப் புறப்பட்டான், 11.6 செக்கன், வேகம் 120 மைல். எஞ்சினில் ஓர் ஆணியும் திருகப்படவில்லை. எல்லையில் உள்ள வேகம் எஞ்சினின் வலுவைக் காட்டும். எடுத்த நேரம் ஓட்டியின் காலைக் காட்டும். முதல் அறுபது அடியில் இழந்ததைப் பின் எவ்வளவு வலுவாலும் மீட்க முடிவதில்லை.

இரவு நடந்தது சமன்செய்த பந்தயம். தன் கார் எத்தனை செக்கனில் ஓடும் என்பதை ஒவ்வோர் ஓட்டியும் முன்னரே அறிவித்துக் கண்ணாடியில் வெள்ளை மையால் எழுத வேண்டும். மருமகன் 11.60 என எழுதினான். அவனுக்கு எதிரே வந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர், அவர் கொணர்ந்தது தச்சு வேலைக்குப் பலகை ஏற்றும் வான், கண்ணாடியில் 15.20. வித்தியாசமான 3.60 செக்கன் அவருக்கு முற்பட விடப்படும். 'கிறிஸ்மஸ் மரம்' என்னும் விளக்குத் தூண் 1963இற் புகுத்தப்பட்டது. மூன்று மஞ்சள் விளக்குகள் அரைச் செக்கன் இடைவிட்டு எரிந்து பின் பச்சை வரும். முந்திப் புறப்பட்டாற் சிவப்பு, தோல்வி. பிந்தினாலோ, கார் அசைந்த பின்னரே கடிகாரம் ஓடத் தொடங்குவதாற் பத்திரத்திற் நேரம் நன்றாகவே இருக்கும். பந்தயம் மட்டும் கைவிட்டுப் போம். யாவற்றிலும் விசித்திரமான விதி இன்னொன்று: அறிவித்த நேரத்திலும் விரைந்து ஓடினவன் தோற்றவனாவான். இன்றேல் எவரும் தம் காரை மட்டமாக மதித்து எழுதிவிடலாமன்றோ?

வான் மெல்ல உருண்டு சென்றது. மூன்றரைச் செக்கன் காத்திருத்தல் எவ்வளவு நீளமானது என்பதை நாம் அன்றுதான் உணர்ந்தோம். பின்பு கடிலாக் இரைந்து பாய்ந்து, எல்லைக்குச் சிறிது முன்னே வானைத் தாண்டிற்று. கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் விளக்கு எரிந்தது கிழவரின் பக்கம். மருமகனின் நேரம் 11.57, கிழவரின் நேரம் 15.21. மாலை வெப்பம் தணிந்து காற்றுக் குளிர்ந்திருந்தது; குளிர்ந்த காற்றில் எஞ்சினுக்கு வலு கூடும் என்பதை அவன் கணக்கிற் சேர்க்கவில்லை. கிழவர் சேர்த்திருந்தார். அவர் வந்து, எத்தனை மணிக்கு எவ்வளவு குளிரும் என்று தாம் குறித்து வைத்திருந்த கொப்பியை விரித்துக் காட்டினார். அவன் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இத்தகைய கார்களை விற்போர் மைதானத்தில் மட்டும் ஓட்டுக என்று எழுதி ஒட்டுவதில்லை. அது எமக்கு இன்றும் உடன்பாடன்று. 500 பரிவலுவுக்குத் தெருவில் என்ன வேலை என்று கேட்டோம். அவனிடம் விடை இருக்கவில்லை. குழந்தை இருக்கையை மீண்டும் பூட்டி, வழி நெடுக விதித்த வேகத்திலேயே ஓட்டி வந்தான்.

தமக்கையார் விழித்திருந்தார். நேரம் அச்சிட்ட துண்டை அவர் முன் வைத்தோம்.

"வெண்டவனோ?"

"இல்லை, தோற்றான்."

"ஏன், கார் பிழைச்சுப் போச்சோ?"

"இல்லை அக்கா. சொன்னதிலும் கெதியாய் ஓடிப்போட்டான்."

அவர் அத்துண்டை வெளிச்சத்திற் பிடித்து இரு முறை வாசித்தார். காரை விற்கும் பேச்சு அன்று எழவில்லை. "அடுத்த சனி எத்தனை மணிக்குப் போறியள்?" என்று மட்டும் கேட்டார்.