ரிச்சி தெருவில் 26-ம் நம்பர்!

சென்னை மவுண்ட் ரோட்டில் (அண்ணா சாலை என்று எழுதினால்தான் தபால்காரருக்குப் பிடிக்கும்) அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, ஜனக் கூட்டத்தோடு இடிபட்டுக்கொண்டே நடந்தால் ரிச்சி தெரு வந்துவிடும். வழி கேட்க வேண்டியதில்லை. "சார், சிசிடிவியா? லேப்டாப்பா? பழைய போனா?" என்று யாராவது உங்களை மறித்தால் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பெயர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கத்துச் சந்துகள் எல்லாம் சேர்ந்ததுதான் 'ரிச்சி ஸ்ட்ரீட்'. எலெக்ட்ரானிக்ஸ் வியாபாரத்தில் டில்லி நேரு பிளேஸுக்கு அடுத்த இடம் எங்களுக்குத்தான் என்று கடைக்காரர்கள் மார்தட்டுவார்கள். சிந்தாதிரிப்பேட்டை என்பதே 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றியதால் உண்டான பேட்டை. 'சின்னத் தறிப் பேட்டை'தான் அப்படி மருவியது என்பார்கள். அன்றைக்கு நூல், இன்றைக்கு ஒயர். அறுந்ததை முடிச்சுப் போடுகிற வேலை மட்டும் மாறவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அங்கே ஒரு கிட்டாரோடு போனேன். கிட்டார் என்னுடையது அல்ல. எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே வாத்தியம் காலிங் பெல்! இது எங்கள் மாடி வீட்டு அண்ணனுடையது. அண்ணனும் கூடவே வந்தார். மெட்ரோ ஸ்டேஷன் ஸ்கேனரில் கிட்டார் பை நீளமாகப் படுத்துக்கொண்டு போனபோது, ஆபரேஷன் தியேட்டருக்குள் சொந்தக்காரரை அனுப்பிவிட்டு நிற்பவர் மாதிரி நின்றார்.

அண்ணனுக்கு 55 வயது. முப்பது வருஷமாக மெல்லிசைக் குழுக்களில் கிட்டார். ஒரு காலத்தில் மேடையில் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்களாம். பிறகு வயலின்கள் இறங்கின. புல்லாங்குழல் இறங்கியது. பேஸ் கிட்டார் இறங்கியது. எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் கீபோர்டுக்குள் குடிபோய்விட்டார்கள்.

கீபோர்டு உலகத்தில் 1991-ல் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார்கள். ஜெனரல் மிடி என்று பெயர். அதற்குக் கட்டுப்பட்ட எந்தக் கீபோர்டிலும் 1-ம் நம்பர் பியானோ. 25 நைலான் தந்தி கிட்டார். 26 இரும்புத் தந்தி கிட்டார். அதாவது, எங்கள் அண்ணன்!

அன்று சாயங்காலம் ஒரு கல்யாண ரிசப்ஷன் கச்சேரி. ஆறு மணிக்கு சவுண்ட் செக். முந்தின ராத்திரி ஒத்திகையில் கிட்டார் கொரகொரவென்று இழுத்து, நடுப் பாட்டில் ஊமையாகிவிட்டது. விஷயம் தெரிந்ததும் குழுத் தலைவர் ரொம்ப மரியாதையாக, "பரவாயில்லண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க. 26-ஐப் போட்டுச் சமாளிச்சுக்கறோம்" என்றாராம்.

"அந்த 'ரெஸ்ட்'தான் தம்பி எனக்குப் பயம்" என்றார் அண்ணன். "ஒரு நாள் நான் இல்லாம கச்சேரி நடந்துட்டா, அப்புறம் ஏன் இவருக்கு ஒரு சம்பளம்னு தோணும்ல?"

கிட்டார் முன்னால் ஒரு மைக்கை வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "பக்கத்துல டிரம்ஸ், எதிர்ல ஸ்பீக்கர். மைக்கைத் திறந்தா வீல்னு கத்தும்" என்றார்.

இந்த ஜாதி கிட்டார் பாதி மரம், பாதி ரேடியோ. தந்திகள் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் பீசோ என்று ஒரு மெல்லிய நாடா. அழுத்தினால் மின்சாரம் தருகிற சமாசாரம். 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தது. (மேரி கியூரியின் கணவரும் அவருடைய அண்ணனும்!) அந்தத் துளி மின்சாரத்தை, விலாவில் பதித்திருக்கும் பிரீ-ஆம்ப் பெரிதாக்கும். அதற்குத் தீனி 9 வோல்ட் பேட்டரி. கடைசியில் அடிப்பக்கத்து ஜாக் வழியாகச் சத்தம் வெளியே போகும்.

முதலில் ஏறியது ஏ.சி. போட்ட ஒரு கடை. கவுன்ட்டர் இளைஞர் பையைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. "பிரீ-ஆம்ப் அவுட் சார். புதுசு 3,800. ஆனா ஓட்டை சைஸ் வேற, மரத்தை அறுக்கணும். திங்கக்கிழமை வாங்க."

அறுக்கணும் என்றதும் அண்ணன் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டார். நான் பி.காம். தேய்மானம் பற்றி மூன்று வருஷம் படித்தவன். புத்தகக் கணக்குப்படி அந்தக் கிட்டாரின் மதிப்பு எப்போதோ பூஜ்யம் ஆகியிருக்கும். அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பாடத்தை நான் எடுக்கவில்லை.

டீக்கடையில்தான் விடை கிடைத்தது. எங்கள் பையைப் பார்த்த டீ மாஸ்டர், "வாத்தியமா? மூணாவது மாடி மாஸ்டர்கிட்ட போங்க" என்று கரண்டியால் ஒரு மாடிப்படியைக் காட்டினார். ரிச்சி தெருவில் தரைத் தளம் விற்பதற்கு. மாடி, பழுது பார்ப்பதற்கு. படி ஏற ஏற வாடகை குறையும், கைவேலை கூடும்.

மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். மூன்றேகாலுக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். கண்ணாடிக்கு நூல் கயிறு. கிட்டாரைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தார்.

"சத்தம் ஒரேயடியா போச்சா, விட்டு விட்டுப் போச்சா?"

"விட்டு விட்டு. பிளக்கை ஆட்டினா வரும்."

"நட்டு லூஸா இருந்துச்சா?"

"ஆமா. போன வாரம் நான்தான் கையால இறுக்கினேன்."

மாஸ்டர் சிரித்தார். அதற்குள் வியாதி தெரிந்துவிட்டது போலிருக்கிறது. இருந்தாலும் வரிசையாகச் சோதித்தார். பேட்டரியில் மீட்டர் வைத்தார், சரி. வேறு கேபிள் மாட்டினார், அதே கொரகொர. பிளக்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பட்டையை நகத்தால் தட்டினார். மேஜைமேல் இருந்த குட்டி ஸ்பீக்கர் 'டொக்' என்றது. "பீசோ உயிரோட இருக்கு. ஆம்ப்பும் இருக்கு. தகராறு வாசல்லதான்!"

வெளியே நட்டை மட்டும் திருகினால், உள்ளே இருக்கும் ஜாக்கும் சேர்ந்து சுற்றுமாம். அதன் ஒயர்கள் முறுக்கிக்கொண்டு ஒவ்வொரு இழையாக அறுமாம். தந்திகளைத் தளர்த்தி, வயிற்றுக்குள் கையை விட்டு ஜாக்கை வெளியே எடுத்தார். ஓர் ஒயர் தலைமுடி கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கும் ஆடிப்போயிருந்தது.

கீழே ஓடிய பையன் இரண்டு கால் ஜாக்கோடு வந்தான். "மூணு கால்டா!" என்று திருப்பி அனுப்பினார். மூன்றாவது கால்தான் பேட்டரிக்கு ஸ்விட்ச். கேபிளைச் செருகினால் பேட்டரி ஓடும், பிடுங்கினால் நிற்கும். "கச்சேரி முடிஞ்சு கேபிளைப் பிடுங்காம தூங்கப் போனா, பேட்டரி விடிய விடிய வேலை பார்த்துச் செத்துடும்."

மணி நாலேகால். பற்றவைத்த ரோஜனப் புகை எழுந்தது. பிறகுதான் வித்தை. ஜாக்கை உள்ளேயிருந்து அந்தச் சின்ன ஓட்டைக்குக் கொண்டுவர வேண்டுமே? "அறுந்த தந்தி இருக்கா?" என்று அண்ணனைக் கேட்டார். அதை ஓட்டை வழியாக விட்டு, வயிற்று வழியாக வெளியே எடுத்து, ஜாக்கை அதில் கோத்து இழுத்தார். ஊசியில் நூல் இழுத்த மாதிரி வந்து நின்றது. உள்ளே ஒரு கை ஜாக்கைப் பிடித்துக்கொள்ள, வெளியே ஸ்பானர் நட்டை இறுக்கியது.

அண்ணன் சுருதி கூட்டி வாசித்தார். படியில் டப்பா சுமந்து வந்த இரண்டு பையன்கள் டப்பாவை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். மாஸ்டர் ஸ்பீக்கரில் காதை வைத்து, "ஹம் இல்ல" என்றார். அவருக்கு அதுதான் பாட்டு.

ஜாக் 90. கூலி 200. கீழே 3,800 சொன்னதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், "அவங்க விக்கறவங்க சார். விக்கலேன்னா வாடகை எப்படிக் கட்டுவாங்க?" என்றார். "என் பையனே கீழ லேப்டாப் கடையிலதான் இருக்கான். இந்தப் புகை வேணாம்னுட்டான்."

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேடை ஏறினோம். மூன்றாவது பாட்டில் கிட்டாருக்கென்றே ஓர் இடம். அண்ணன் விரல் தந்தியில் உரசுகிற 'கீச்' சத்தம்கூட ஸ்பீக்கரில் கேட்டது. கீபோர்டுப் பையன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். கச்சேரி முடிந்ததும் குழுத் தலைவர், "ஞாயித்துக்கிழமை தாம்பரம்ணே, அஞ்சு மணிக்கு வந்துடுங்க" என்றார்.

வாத்தியம் வாங்குவதென்றால் அதே மவுண்ட் ரோட்டில், 1842-ல் தொடங்கிய மியூஸி மியூசிக்கல் இருக்கிறது. ஒயர் அறுந்தால் ரிச்சி தெருதான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். திறந்து பார்க்காமல் விலை சொல்கிற இடத்தில் நிற்காதீர்கள். முழங்கால் ஒத்துழைத்தால் மாடி ஏறுங்கள்.

பி.காம். பழக்கம் விடாமல் மாஸ்டரிடம் பில் கேட்டு வாங்கினேன். அட்டைப் பெட்டியைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்: 'ஜாக் 1. வேலை 1.' அண்ணன் அதை என்னிடமிருந்து பிடுங்கிக் கிட்டார் பையில் வைத்துக்கொண்டார்.