ஆற்றங்கரைச் செங்கல்

புதுவை நகரின் தென்கோடியில், அரியாங்குப்பத்தாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த தேங்காய்த்திட்டிலே குடியிருப்பவர்களுக்கு ஆற்றின் அக்கரை ஒருநாளும் அந்நியமாகத் தோன்றியதில்லை. அலையாத்தி மரங்கள் அடர்ந்த சதுப்புக்கு அப்பால் வீராம்பட்டினமும், சற்று மேற்கே ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் மரநிழல் மூடிய அரிக்கமேடும் இருக்கின்றன. அந்த மேட்டின்மீது கூரையிழந்து, உடனிருந்த சுவர்களெல்லாம் சரிந்து போன பின்னும் பிடிவாதமாக நிமிர்ந்து நிற்கும் செங்கல் தூண்களைக் காட்டி, இவற்றை எழுப்பியவர் யார் என்று கேட்டால், வந்து பார்ப்பவர்களுள் பெரும்பாலோர் ‘ரோமாபுரியார்’ என்றே விடை சொல்லுவர். அரிக்கமேடு என்ற பெயரோடு ரோமர் என்ற பெயரையும் சேர்த்தே பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்தவர்கள் அவ்வாறு சொல்வதில் வியப்பில்லை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆற்று வெள்ளத்தையும் கடற்காற்றின் உப்பையும் தாங்கி ஒரு செங்கல் தூண் தரைக்குமேல் நிற்கக்கூடுமா என்ற சந்தேகம் என்னை நெடுங்காலம் விடாமல் பற்றியிருந்தது.

முருங்கப்பாக்கம் வழியாகக் கடலூர்ச் சாலையில் பாலத்தைக் கடந்து, அரியாங்குப்பத்திலிருந்து கிழக்கே திரும்பிக் காக்காயன்தோப்பு வழியே சென்றால் அம்மேட்டை அடையலாம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் விசாரித்தேன். “எங்க பாட்டன் காலத்திலேயே இது இடிஞ்சுதான் கெடந்துச்சு தம்பி. சாமியாருங்க படிச்ச பள்ளிக்கூடம்னு சொல்லுவாங்க” என்றார் அவர். புத்தகம் படித்தவர்கள் ரோமரைச் சொல்ல, ஆடு மேய்ப்பவர் சாமியாரைச் சொன்னது என் ஆவலை அதிகப்படுத்தியது.

தூணை நெருங்கிப் பார்த்தேன். கற்களுக்கு இடையே கெட்டியான சுண்ணாம்புக் காரை. விரலால் தேய்த்தால் வெண்மாவு ஒட்டிற்று. ஆனால் கற்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. மெல்லிய கற்களின் வரிசைக்கு நடுவே, ஓரம் மழுங்கி, முனை உடைந்து, அகலத்தில் மற்றவற்றைப் பொருட்படுத்தாத தடித்த துண்டுகள் ஆங்காங்கே செருகப்பட்டிருந்தன. ஒரு கட்டடத்துக்கென்றே சூளையிட்டுச் சுட்ட கல் இப்படி இராது; வேறு ஏதோ ஒரு சுவரில் ஆயுளைக் கழித்துவிட்டு இங்கே மறுபடியும் வேலைக்கு வந்த கல்லே இப்படி இருக்கும்.

நூல்களைப் புரட்டிய போது முதியவரின் வாக்கே மெய்யாயிற்று. சயாம் தேசத்தின் தலைநகராகிய அயுத்தியாவில், கீழ்த்திசை நாடுகளின் இளைஞர்களைக் கிறிஸ்தவ குருமாராகப் பயிற்றுவிக்கும் பொருட்டுப் பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சங்கத்தார் ஒரு கல்லூரி நடத்தி வந்தனர். 1760களில் பர்மியர் படையெடுப்பால் அக்கல்லூரி இடம்பெயர்ந்து, இன்றைய வியத்நாம், கம்போடிய எல்லையை ஒட்டிய ஹாத்தியென் பகுதியில் தஞ்சம் புகுந்து, அங்கும் 1769இல் கொள்ளையர் தாக்குதலுக்கு இலக்காகி, முடிவில் அதன் தலைவராகிய பிஞோ த பெஹேன் என்ற இளம் குருவோடு மலாக்கா மார்க்கமாகப் புதுவைக்கு வந்து சேர்ந்தது. அவர்களுக்காக 1771 முதல் 1773 வரை அரிக்கமேட்டில் எழுந்த மடத்தின் எச்சமே இத்தூண்கள். சீனரும் சயாமியரும் வியத்நாமியருமான மாணவர்கள் இவ்வாற்றங்கரையில் லத்தீன் பாடம் கேட்டனர். அவர்களுடைய துணையோடு பிஞோ தொகுத்த வியத்நாமிய-லத்தீன் அகராதி, பிற்காலத்தில் தபேர் பாதிரியாரின் கையில் விரிவடைந்து, 1838இல் வங்கத்துச் செராம்பூரில் அச்சேறிற்று. ஒரு தூரதேசத்து மொழியின் முதன்மையான அகராதிகளுள் ஒன்று நம் ஊர்த் தோப்பு நிழலில் கருக்கொண்டது என்பதை நான் மிகுந்த பெருமையோடு எண்ணுகிறேன். இதை அறிந்தவர் இவ்வூரில் இத்தனை குறைவாக இருப்பது எனக்கு வருத்தமே தருகிறது.

மடத்தைக் கட்டியவர்கள் பழைய இடிபாடுகளின் கற்களையே எடுத்து ஆண்டனர். அவை அவர்களுக்குக் கிடைத்தது எப்படி என்பதற்கு, அதற்குச் சற்று முன்னரே இங்கு வந்த மற்றொரு பிரெஞ்சுக்காரரின் நூல் வழிகாட்டுகிறது. 1769ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காண வேண்டிப் புதுவையில் காத்திருந்து, உரிய வேளையில் மேகம் மறைத்தமையால் ஏமாந்த வானநூலறிஞர் லெ ழாந்தில், வீராம்பட்டினத்துப் பக்கம் சுற்றித் திரிந்த காலத்தில், ஆறு அரித்த கரையிலே பெரிய செங்கற்களும் உறைக்கிணறுகளும் வெளிப்பட்டுக் கிடந்ததைக் கண்டு குறித்தார். ஆறு கரையை அறுக்க அறுக்க, மண்ணுக்குள் புதைந்த நகரம் துண்டு துண்டாக வெளியே வந்துகொண்டிருந்தது. கட்டடத்துக்குக் கல் தேடியவர்களுக்கு வேறு குவாரி எதற்கு?

அந்த நகரம் யாருடையது என்பதே அடுத்த வினா. 1930களின் பிற்பகுதியில் புதுவைக் கல்லூரி ஆசிரியர் ழுவோ-துப்ராய், இங்கே கிடைத்த மணிகளையும், ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் தலை செதுக்கியதாகக் கருதப்பட்ட ஒரு கல்லையும் கொண்டு இதன் பழமையை உணர்ந்தார். 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு மதுஜாடித் துண்டைக் கண்டு திடுக்கிட்ட தொல்பொருளறிஞர் மார்ட்டிமர் வீலர், மறு ஆண்டே பிரெஞ்சு அரசாங்கத்தின் அநுமதியோடு இங்கு அகழ்ந்தார். நூற்றைம்பது அடி நீளமுள்ள பண்டசாலையின் அடித்தளமும், மெல்லிய துணிகளுக்குச் சாயம் தோய்த்தவை என அவர் கருதிய தொட்டிகளும் வெளிப்பட்டன. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் செந்நிற மெருகுப் பாத்திரங்களின் உடைசல்கள், அவற்றைச் செய்த குயவரின் முத்திரையோடு கிடைத்தன. அப்பாத்திரங்களின் காலம் ஐரோப்பாவில் திட்டமாகத் தெரிந்ததாகையால், அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த உள்நாட்டுப் பானையோடுகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. தென்னிந்திய அகழ்வாராய்ச்சிக்குக் காலக்கணக்கு என்னும் அளவுகோல் வாய்த்தது இவ்வாறே. கிரேக்க மாலுமி ஒருவரின் கடல்வழிக் குறிப்பும் தாலமியின் பூகோளமும் கூறும் ‘பொதுகே’ என்னும் துறை இதுவே என்பது பல அறிஞர்களின் துணிபு.

ஆயினும் வீலர் வைத்த ‘ரோம வாணிக நிலையம்’ என்ற பெயர், உண்மையின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு பெரும்பகுதியை விட்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம். 1947 முதல் 1950 வரை கஸால் என்ற ஆய்வாளர் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்ளி, சென்னைப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து மறுபடியும் அகழ்ந்து, ரோமச் சரக்கு வருவதற்கு முன்னரே இங்கு மக்கள் குடியிருந்தனர் என்பதையும், அது நின்ற பின்னரும் இவ்விடம் அடியோடு பாழாகவில்லை என்பதையும் நிறுவினார். தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் இங்கு உண்டு. கண்ணாடியை உருக்கிக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்த சின்னஞ்சிறு மணிகள் கணக்கின்றிக் கிடைக்கின்றன. தென்கிழக்காசியா வரையில் பரவிய அத்தகைய மணிகளைச் செய்த பட்டறைகளுள் இது ஒன்று. மழை பெய்து ஓய்ந்த பின்பு மேட்டின் சரிவில் குனிந்து தேடினால், கடுகளவான சிவப்பு மணி ஒன்று ஈரமண்ணிலே இன்றும் கண்ணிற் படும். அதை உருக்கியவரும், துணிக்குச் சாயம் ஏற்றியவரும், பண்டசாலைக்குச் செங்கல் சுட்டவரும் இந்த ஆற்றின் தண்ணீரைக் குடித்த மக்களேயன்றி ரோமாபுரியார் அல்லர். அவர்கள் அறுத்துச் சுட்ட கல்தான், பல நூற்றாண்டு மண்ணுக்குள் உறங்கி, சயாமிலிருந்து அகதிகளாக வந்த மாணவர்களின் மடத்துச் சுவராக மறுபிறவி எடுத்தது.

அந்த இரண்டாம் வாழ்வு நெடிதாக அமையவில்லை. 1778இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். 1783க்குள் மடம் கைவிடப்பட்டது. அதற்குள் ஆத்ரான் என்ற பட்டத்தோடு ஆயராக உயர்ந்து வியத்நாமுக்குத் திரும்பியிருந்த பிஞோ, அரசிழந்து தவித்த நுயென் மன்னனின் சிறு மகனை அழைத்துக்கொண்டு, பிரெஞ்சு உதவியை நாடி 1785இல் மீண்டும் புதுவையில் வந்து இறங்கினார். அவர் கட்டிய மடத்தில் அப்போது பாடம் கேட்க ஒருவரும் இல்லை.

அரிக்கமேட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் தூண்களின் அருகே வந்ததும் ரோமரை ஒரு கணம் ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மாணவர்களின் பயணத்தையும், செங்கல் சுட்ட உள்ளூராரின் உழைப்பையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியது, கரையை ஆற்றின் அரிப்பிலிருந்து காப்பது. லெ ழாந்தில் கண்ட அறுப்பு இன்னும் நிற்கவில்லை.