சாமைக்காடும் கிழங்குக்காடும்

சண்டை அரை ஏக்கர் மண்ணைப் பற்றியது. வீட்டுக்குப் பின்னால் சரிந்து கிடக்கிற காடு. கல் அதிகம், ஏர் இறங்காது, கொத்தித்தான் விதைக்க வேண்டும். கல்வராயன் மலையில் அதற்குக் கொத்துக்காடு என்று பெயர். ஏர் போகிற நிலம் உழவுக்காடு. உழவுக்காடு முழுவதையும் மகன் ஏற்கெனவே மரவள்ளிக்கு விட்டுவிட்டார். வருகிற வைகாசியில் கொத்துக்காட்டிலும் கிழங்குக் குச்சி ஊன்றப்போவதாக, பல் துலக்கியபடியே போகிற போக்கில் சொன்னார். திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"என்னெப் பொதைச்சுட்டு அதுக்கு மேல நடு."

விருந்தாளி இருக்கிறாரே என்ற கூச்சம் இருவருக்கும் இல்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சாமை அறுத்து முடித்த தாள்களுக்கு நடுவே துவரை மட்டும் நின்றுகொண்டிருந்த அந்தக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியின் கடைசி வாரம். வெள்ளிமலையிலிருந்து கரியாலூர் போகும் சாலையை விட்டு இறங்கி, ஓடை தாண்டி ஏறினால் வருகிற சிற்றூர் அது. நண்பருக்குத் தெரிந்த குடும்பம். அருவி பார்க்கப் போகவில்லை. சாமை பார்க்கப் போயிருந்தேன். மன்னார்குடிப் பக்கத்து வயல்வெளியில் பிறந்தவன் நான். அங்கே நெல்லைத் தவிர வேறு பயிரைப் பயிராக மதிக்கிற வழக்கம் இல்லை. எங்களுக்குப் பருவம் என்றால் ஜூன் 12, மேட்டூர் திறப்பு. தண்ணீர் வந்தால் குறுவை, வராவிட்டால் சாலை மறியல். அணையை நம்பாமல் வானத்தை மட்டும் நம்பி, நாலு தானியத்தைக் கலந்து விதைத்து, விளைந்ததைத் தின்று வாழ்கிறவர்கள் மலையில் இருப்பார்கள் என்று ஒரு கற்பனை வைத்திருந்தேன்.

கள்ளக்குறிச்சி டீக்கடையில் வேறொரு கற்பனை இருந்தது. மலைக்குப் போகிறேன் என்றதும், "சரக்குக்கா சார்?" என்று கேட்டுச் சிரித்தார் பக்கத்தில் நின்றவர். 2024 ஜூனில் அதே ஊரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கொன்றது மெத்தனால். எந்த மலையிலும் விளையாத ஆலைச் சரக்கு. ஆனாலும் பேச்சு மலையைச் சுற்றித்தான். மேலே போனபின் இதை அந்த வீட்டு மருமகளிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பொங்கலுக்கு வெல்லம் வாங்கப் போனா, எதுக்கு இவ்ளோன்னு கேக்குறாங்க. பொங்கலுக்கு வெல்லம் எதுக்குங்க?"

முதல் நாள் மதியம் தட்டு வைத்தார்கள். மொச்சைக் குழம்பு, கடைந்த கீரை, நடுவில் வெள்ளைச் சோறு. ரேஷன் அரிசி. அந்தப் புழுங்கல் வாடையை எங்கிருந்தாலும் எனக்குத் தெரியும். இத்தனை வளைவு ஏறி வந்தது இதற்கா என்று முகம் வாடியிருக்க வேண்டும். கிழவி கவனித்துவிட்டார்.

"என்ன சாமி, சோறு எறங்கல?"

சாமைச் சோறு கிடைக்குமா என்று கேட்டேன். மருமகள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கிழவி தொம்பையைக் கையால் காட்டினார். மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணியும் பூசி, ஆள் உயரத்துக்கு நின்றது. "அதுல இருக்கு. நீ குத்திக் குடு, அவ ஆக்குவா."

சாமையைக் குத்துவதென்றால் என்ன என்று அன்று தெரிந்தது. நெல்லின் உமி இரண்டு இடியில் விலகும். சாமை கடுகை விடக் கொஞ்சம் பெரிது, உமி வழுக்கும், உலக்கை விழுந்ததும் நாலா பக்கமும் ஓடும். குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்து, மூன்றாம் முறையும் குத்தினால்தான் அரிசி வெளுக்கிறது. நான் குத்தியதில் பாதி குருணையாகப் போனது என்று மருமகள் முறத்தை ஆட்டியபடி அறிவித்தார். உள்ளங்கை சிவந்துவிட்டது. வீட்டில் ஆறு பேர். ஒரு வேளைச் சோற்றுக்கு மத்தியானம் முழுக்கப் போய்விடும். அந்த மத்தியானம் எப்போதும் யாருடையது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

சோறு நன்றாக இருந்தது. உதிரி உதிரியாக, லேசான கசப்போடு. ஆனால் இதற்காகவா என்று ஒரு கை பிசையும்போதே தோன்றியது.

சாப்பிடும்போது என் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. சர்க்கரை நோய். டாக்டர் சொல்லி வாரத்தில் பாதி நாள் சாமைதான். மன்னார்குடிக் கடையில் அழகான பாக்கெட்டில் கிடைக்கிறது, விலை கிலோ நூறு ரூபாய்க்கு மேல். கிழவி விலையை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு தன் காலை நீட்டிக் காண்பித்தார். கட்டைவிரலில் ஆறாத புண். அவருக்கும் சர்க்கரை.

"உங்க நெல்லத் தின்னு எனக்குச் சக்கரெ. எங்க சாமெயத் தின்னு உங்கம்மாவுக்குச் சக்கரெ எறங்குது. நல்ல கணக்குத்தான்."

கேலிக்குச் சொன்னாலும் கணக்கு சரிதான். எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் சாலை ஓரமாகக் குவிந்து கிடக்கிற நெல்தான் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் சாக்கில் ஏறி, அரிசியாகி, தமிழ்நாட்டின் எல்லா ரேஷன் கடைக்கும் போகிறது. 2011 ஜூனிலிருந்து அது இலவசம். இலவச அரிசி வீட்டுக்கு வந்தபின் எந்த மருமகள் உலக்கையைத் தொடுவாள்? சாமை மலையை விட்டு இறங்கியதற்கு மருமகளின் தோள்பட்டை ஒரு காரணம் என்பதைச் சிறுதானியப் பெருமை பேசுகிற எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போல ஆண்கள்.

ஆகவே சண்டையில் மருமகள் கணவர் பக்கம். கிழங்கு நட்டால் பத்து மாதம் அதுபாட்டுக்குக் கிடக்கும். களை எடுத்தால் போதும், பறித்த அன்றே லாரி வந்து ஏற்றிக்கொள்ளும், கையில் ரொக்கம். மகளைக் கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்க வைக்க வேண்டும். சாமையைக் கொண்டுபோய்க் கல்லூரியில் கட்ட முடியாது. அன்று இரவு நானும் கிழங்குக் கட்சிக்குப் போய்விட்டேன். கிழவியின் பிடிவாதம் எல்லா ஊரிலும் உள்ள கிழவிகளின் பிடிவாதமாகவே பட்டது.

மறுநாள் துவரங்காட்டில் கல் பொறுக்கியபடி அவர் சொன்னது வேறு. சத்து, பாரம்பரியம் எதுவும் அவர் வாயில் வரவில்லை. "கெழங்கு மண்ணுக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் நம்முளுது. புடுங்கிட்டா ரெண்டு நாள். அதுக்குள்ள விக்கலன்னா கறுத்துப்போயிரும். யாவாரி சொல்றதுதான் வெலெ. சாமெ அப்படியா? தொம்பையில போட்டு மூடுனா நாலு வருசம் ஆனாலும் கேக்க ஆளில்ல."

அளக்கிறவர்களை அவர் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறார். இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 1976-இல்தான் அரசு இதை எடுத்துக்கொண்டது. அதுவரை ஏருக்கு வரி, அதற்கு மேல் ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாத வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் தானும் போய்க் களையெடுத்ததாகக் கிழவி சொன்னார். தங்கள் காட்டில் களை முற்றிக்கொண்டிருக்கும், ஆனாலும் முதலில் அங்கே போக வேண்டும். மாமனார் சாமையைப் பாறை இடுக்கில் பானையில் ஒளித்து வைப்பாராம். எங்கள் பக்கத்து மிராசுகள் பற்றிப் பாட்டி சொன்ன கதைகளில் கூலி நெல் குறைத்து அளக்கப்படும். கூலியே இல்லாத கதையை நான் கேட்டதில்லை.

மகன் இதையெல்லாம் காதில் வாங்கமாட்டார். கிழங்கு பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் ஆளே வேறு. சில வருடம் முன்பு குருத்தெல்லாம் சுருண்டு, வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியதாம். 2020-இல் திருச்சூரில் முதலில் தெரிந்த பூச்சி அது, விரைவிலேயே சேலம், நாமக்கல் காடுகளைப் பிடித்துக்கொண்டது. எந்த மருந்துக்கும் அசையவில்லை. கடைசியில் பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்தார் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்தார்கள். அதைப் பெருக்கி 2022-இல் மலைக்கு அந்தப் பக்கத்து அடிவாரத்தில், ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். குளவி என்றால் கொட்டுகிற குளவி இல்லை, கடுகளவே உருவம். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், புழு அதை உள்ளிருந்தே தின்று, குளவியாகி வெளியே வரும். "ஆப்பிரிக்காவுலருந்து வந்து நம்ம காட்டுல வேல பாத்துட்டுப் போயிருக்குங்கண்ணே. கூலி கேக்கல" என்றார். அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தைப் பார்த்தால், கிழங்கைக் காசுக்காக மட்டும் நடுகிறார் என்று சொல்லத் தோன்றாது.

பருவத்தை அவர் இப்படிச் சொன்னார்: சித்திரை மழைக்கு உழவு, வைகாசியில் குச்சி, ஆடியில் சாமை, கார்த்திகை மார்கழியில் அறுப்பு, மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை கிழங்குப் பறியும் கடுக்காய் பொறுக்குதலும். பங்குனிக்கு வந்ததும் நின்றார். பங்குனியில் மலையில் வேலை இல்லை. ஆம்பளைகள் கேரளத்துக்கு மிளகுத் தோட்டம், திருப்பூருக்குப் பனியன் கம்பெனி என்று இறங்கிவிடுவார்கள். ஆந்திரப் பக்கமும் போவார்களா என்று கேட்டேன். திண்ணையில் பேச்சு நின்றது. மருமகள் உள்ளே போய்விட்டார். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, தமிழ்நாட்டு மரவெட்டிகள் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அதுவும் பங்குனி மாதம்தான். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "கெழங்கு போட்டதுலருந்து நான் எங்கயும் போறதில்லண்ணே." கிழவி மறுத்துப் பேசாத ஒரே வாக்கியம் அதுதான்.

கிழங்கு லாரி மறுநாள் விடிகாலையில் வந்தது. முந்தின நாளே உறவுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து பறித்து, களத்தில் குவித்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஜவ்வரிசிப் பாயசத்தை எத்தனை தம்ளர் குடித்திருப்பேன்! அந்த ஜவ்வரிசியாகிற இந்தக் கிழங்குக்கு விலை வைக்கிற முறையை அன்றுதான் பார்த்தேன். எடைக்கு மட்டும் விலை இல்லை, மாவுச்சத்துக்கு விலை. அதைப் பாயிண்ட் என்கிறார்கள். காற்றில் எடை போட்ட கிழங்கைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மறுபடி எடை பார்ப்பார்கள். உள்ளே எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு மாவு. சங்கதி என்னவென்றால் தராசு இருப்பது கீழே, ஆலையில். வியாபாரி ஒரு கிழங்கை எடுத்துக் கையாலேயே ஒடித்தார், முறிவைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"மார்கழில மழ பேஞ்சிருக்கு. தண்ணி ஏறியிருக்கு. இருபத்திநாலு பாயிண்ட் தேறுனாப் பெருசு."

"இருபத்தெட்டு இருக்கும்ங்க. போன வாரம் ஒடச்சுப் பாத்தேன்."

"நானா சொல்றேன்? மில்லுல தராசு சொல்லும்."

மண்ணுக்கும் காம்புக்கும் என்று கழிவு வேறு. மகன் தலையைச் சொறிந்தபடி நின்றார். குவியல் முழுவதும் பறித்தாகிவிட்டது. திரும்ப மண்ணில் நட முடியாது. அதை வியாபாரியும் அறிவார். திண்ணையில் கிழவி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே மகனுக்குப் பெரிய எரிச்சலாக இருந்திருக்கும்.

பேசியது மருமகள். லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு வியாபாரியிடம் கணக்குக் கேட்டார். போன தடவை எத்தனை பாயிண்ட், சீட்டு எங்கே, கழிவு ஏன் கூடியது? வியாபாரி "என்னம்மா நீ, நாளப்பின்ன மொகத்துல முழிக்க வேணாமா" என்று சிரித்துச் சமாளித்து, இரண்டு பாயிண்ட் ஏற்றிக் குறித்துக்கொண்டு, கிளம்பினார். குறித்தது பென்சிலில்.

அன்று சாயங்காலம், மொச்சைத் தோலை மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்த மருமகள், யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: "கொத்துக்காட்டுல சாமையே போடுங்க அத்த. ஆனா குத்துறது நானில்ல. உங்க மகன்."

கிழவி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மகன் பதில் சொல்லவில்லை. ஆட்டைக் கட்டப் போனவர் நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்து, சிக்னல் கிடைக்கிற பாறைக்கு வருகிறீர்களா என்று என்னைக் கூப்பிட்டார். ஏறினோம். சாமை உடைக்கிற மிஷின் என்ன விலை என்று என் போனில் பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். அவருடைய ஒரு வருடத்துக் கிழங்கை விற்றாலும் வாங்க முடியாத விலை.

"கொழு சேந்து வாங்குனா மானியம் உண்டான்னு பாருங்கண்ணே" என்றார்.